கிட்டங்கிக்குள் ஒரு பாலைவனம்

திருகோணமலையில் என் காதில் விழுந்த முதல் செய்தி, ஒட்டகத்தின் முன்னங்கால் ஒன்று வந்து சேரவில்லை என்பது. கொழும்பிலிருந்து வந்த மரப்பெட்டிகளை எல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். திமில் இருந்தது, தலை இருந்தது, கண்ணாடிக் கண்கள் பஞ்சில் பத்திரமாகச் சுற்றப்பட்டிருந்தன. கால்கள் மட்டும் மூன்றுதான். கண்காட்சியின் பணிப்பாளர் இதை என்னிடம் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. எட்டு மணி நேரம் பஸ்ஸில் இடிபட்டு வந்திருந்த நான், முதலில் குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டேன். இல்லை என்றார். போத்தல் வாங்கிவர ஆள் போயிருக்கிறதாம். தண்ணீரின் அருமையை உலகத்துக்கு எடுத்துச் சொல்ல வந்த கண்காட்சியில் ஒரு டம்ளர் தண்ணீர் இல்லை.

நான் ஒட்டகத்துக்கு வைத்தியம் பார்க்கப் போனவன் அல்ல. ராமநாதபுரத்தில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். ஜவுளிக்கடை வாசலில் செயற்கை அருவி, கல்யாண மண்டபத்தில் கலர் விளக்கோடு நீரூற்று, நகைக்கடைக்குள் தாமரைக் குளம் இவைதான் என் தொழில். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் பாறை செய்வேன், அதன் மேல் தண்ணீர் விடுவேன். வளைகுடா நாடு ஒன்றின் பண்பாட்டு அமைப்பு 'பாலையில் நீரும் வாழ்வும்' என்ற பெயரில் ஊர் ஊராகக் கொண்டுபோகும் கண்காட்சிக்கு, திருகோணமலையில் ஒரு வாய்க்கால் செய்துதர ஆள் தேடியிருக்கிறார்கள். கொழும்பில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. சுற்றிச் சுற்றி என்னிடம் வந்தது.

எங்கள் ஜில்லாவில் பெண்கள் நாலு குடம் வைத்த தள்ளுவண்டியை மைல் கணக்கில் தள்ளிக்கொண்டு போகிறார்கள். தண்ணீர் லாரி வரும் நாளை வைத்துத்தான் காது குத்துக்கே நாள் பார்க்கிறோம். நியாயமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வேண்டியவர்கள் நாங்கள். அப்படிப்பட்ட ஊர்க்காரன் ஒருவனைக் கடல் தாண்டி வரவழைத்து, மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த, மகாவலி ஆறு பக்கத்திலேயே வந்து கலக்கிற ஓர் ஊரில், தண்ணீர்ப் பஞ்சத்தை வேடிக்கை காட்டச் சொல்கிறார்கள். கொடுத்துவைத்தவன்தான் நான்.

கண்காட்சி நடக்கும் இடம் துறைமுகத்துக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் இருந்த பழைய கிட்டங்கி. ஒழுங்கை என்றால் நம் சந்து, கிட்டங்கி என்றால் நம் கிடங்குதான். ஒரு காலத்தில் சரக்கு மூட்டைகள் அடுக்கியிருந்த நீளக் கட்டடம். கதவைத் திறந்தால் நேர் எதிரே துறைமுகத்துத் தண்ணீர் பளபளக்கிறது, அதனால் கதவைச் சாத்தி வைக்கும்படி பணிப்பாளர் உத்தரவு போட்டிருந்தார். கடல் தெரிந்தால் பாலைவனத்தின் 'உணர்வு' கெட்டுப்போய்விடுமாம். ஆவணி மாத வெயில், வெளியே கச்சான் காற்று அனலாக அடிக்கிறது, உள்ளே ஒரு ஜன்னலும் இல்லை. உணர்வுக்குக் குறைவே இல்லை.

மணல் நிலாவெளிப் பக்கம் யாரோ வீடு கட்டக் குவித்து வைத்திருந்தது. டிராக்டரில் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். அதில் கை வைத்த இடமெல்லாம் சோழியும் கிளிஞ்சலும். அரேபியப் பாலைவனத்தில் நண்டு ஓடு ஒன்றையும் பொறுக்கி எடுத்தேன். பணிப்பாளரிடம் காட்டினேன். பாலைவனமும் ஒரு காலத்தில் கடலாக இருந்ததுதானே என்று அவர் சமாளித்தார். கொழும்புக்காரர், எப்போதும் கசங்காத வெள்ளைச் சட்டை, பாலைவனத்தை விமானத்தின் ஜன்னல் வழியாகப் பார்த்தவர். எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும்.

ஒட்டகத்தின் கால் பிரச்சினையை நான்தான் தீர்த்தேன். மண்டி போட்டுப் படுக்க வைத்து, பாதி உடம்பை மணலால் மூடிவிட்டோம். ஏதோ வெட்கப்பட்டுப் பதுங்கியிருப்பதுபோல இருந்தது. பணிப்பாளருக்குப் பரம திருப்தி.

அன்று மத்தியானம் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் சாப்பிட்டேன். சாம்பார் என்று ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். பெயர் மட்டும்தான் நம்முடையது. மீன் குழம்பில் அவர்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது, அதை விட்டுவிட்டு இந்த வேண்டாத வேலை எதற்கு என்று தெரியவில்லை. வெளியே குப்பைத் தொட்டியருகே புள்ளிமான் ஒன்று நின்று, சோற்றுப் பார்சல் சுற்றும் லஞ்ச் ஷீட்டை மென்றுகொண்டிருந்தது. நம் ஊரில் மாடு செய்கிற வேலையை இங்கே மான் செய்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதையும் படம் எடுக்கிறார்கள்.

இரண்டாம் நாள் விடிந்ததும், நல்ல சாப்பாடு எங்கே என்று சமதுவிடம் கேட்டேன். சமது கிண்ணியாக்காரர், ஆட்டோ ஓட்டுகிறார், நான் ஊர் திரும்பும்வரை எனக்கு வண்டியும் அவர்தான், சிங்களம் மொழிபெயர்ப்பவரும் அவர்தான். அவர் வண்டியை எடுக்கவே இல்லை. கிட்டங்கிக்குப் பின்னால் நடத்திக் கூட்டிப்போய், ஒழுங்கையில் மூன்றாவது வீட்டு வாசலில் நிறுத்தினார். துறைமுகத்து வேலையாட்களும் கடலிலிருந்து வந்தவர்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் நீள வாங்குகளில் உட்கார்ந்து புட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடை என்று பலகை கிடையாது. குசினியின் ஜன்னல்தான் கடை.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றவர் தவமணி அக்கா. ஐம்பது வயது இருக்கும். கணவர் இல்லை, ஒரே மகள் மட்டக்களப்பில் தாதிப் படிப்பு படிக்கிறாள், அந்தப் படிப்பு இந்தப் புட்டிலும் தேத்தண்ணீரிலும்தான் நடக்கிறது. இதெல்லாம் சமது சொன்னது. புட்டு உதிர் உதிராக, சூடாக இருந்தது. தேத்தண்ணீரைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பால் இல்லை, ஏலம் இல்லை, வெறும் சாயம், சீனி. ஆனால் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இப்படி ஒரு தண்ணீர் எப்படி என்று தொழில்காரனுக்குரிய சந்தேகம் வந்தது. கேட்டேன். கிட்டங்கிக் கிணறு என்றார் அக்கா.

அந்தக் கிணற்றில்தான் நான் மோட்டார் இறக்குவதாக இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என் தொழிலில் தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். மேலே ஏற்றிய தண்ணீர் கீழே தொட்டியில் விழும், மறுபடி மேலே போகும். இரண்டு டிரம் தண்ணீரில் ஒரு வருஷம் அருவி ஓட்டலாம். இங்கேயும் அப்படித்தான் திட்டம் போட்டுக் கொண்டுபோனேன். பணிப்பாளர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். இந்த நாட்டில் டெங்கு பயம் அதிகம். தொட்டியில் தண்ணீர் தேங்கி நிற்பதைச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்தால் வழக்குதான். அதனால் தண்ணீர் நிற்கக் கூடாது, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கிணற்றிலிருந்து ஏறி, என் பிளாஸ்டர் வாய்க்காலில் நாற்பது அடி ஓடி, முற்றத்தில் நட்டிருக்கும் மூன்று பேரீச்சங்கன்றுகளுக்குப் பாய்ந்து, மிச்சம் கான் என்று இங்கே சொல்கிற வடிகாலில் விழுந்து துறைமுகத்துக்குப் போய்விட வேண்டும். பாலைவனத்து மக்கள் ஒரு சொட்டுத் தண்ணீரையும் வீணாக்குவதில்லை என்று எழுதிய பெரிய பலகை, அந்தக் கானுக்கு நேர் மேலே தொங்கியது.

கிணறு கிட்டங்கியின் பின்முற்றத்தில் இருந்தது. வட்டமான கல்கட்டு, ஒரு கப்பி, கயிறு, ஒரு வாளி. மதிலில் சிறிய வாசல் ஒன்று விட்டிருந்தார்கள், ஒழுங்கைச் சனம் அதன் வழியாக வந்து அள்ளிக்கொண்டு போகும். நான் குழாய்க்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது தவமணி அக்கா குடத்தோடு வந்தார். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, மோட்டர் போடப்போறியளோ?"

ஓம் என்றேன். ஒரே நாளில் எனக்கும் அந்த 'ஓம்' ஒட்டிக்கொண்டுவிட்டது.

"போடாதேங்கோ. இது வாளிக் கிணறு. மேல கிடக்கிறது மட்டும்தான் நல்ல தண்ணி. அதுக்குக் கீழ கடல்."

பிறகு குடத்தைக் கீழே வைத்துவிட்டு விவரமாகச் சொன்னார். அந்த ஒழுங்கையில் பதினாறு வீடு. எல்லோரும் காலையில் அள்ளுவார்கள், மாலையில் அள்ளுவார்கள். பதினொரு மணிக்கு மேல் நாலு மணிவரை யாரும் வாளி விடுவதில்லை, கிணறு ஆறட்டும் என்று விட்டுவிடுவார்கள். செத்த வீடு, கல்யாண வீடு என்றாலும் மோட்டார் கிடையாது. முன்பு ஒரு தடவை, வெளியூரிலிருந்து வந்த யாரோ வீடு கட்டுகிறேன் என்று இரண்டு நாள் இறைத்துவிட்டார்கள், கிணறு உப்பாகிப்போய் மழைக்காலம் வரும்வரை ஒழுங்கையே தண்ணீருக்கு அலைந்திருக்கிறது. குழாய்த் தண்ணீர் இருக்கிறது, ஆனால் அது இந்த மூலைக்கு ஏறிவர எட்டு மணி தாண்டிவிடும், வருவதும் நூலாகத்தான், மறுநாளைக்குப் பிடித்து வைக்கக் காணாது. அக்கா அடுப்பு மூட்டுவது விடியுமுன். எட்டு மணிக்கு அவருடைய வியாபாரமே முடிந்துவிடும்.

எனக்கு இது தெரியாததல்ல. அதுதான் கேவலம். நான் பிறந்தது கடற்கரைக் கிராமம். கடலுக்கு இருபது அடி தள்ளி மணலில் முழங்கை ஆழம் தோண்டி, ஊறுகிற நல்ல தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மேலாக வழித்து எடுத்துத்தான் நாங்கள் குடித்தோம். அவசரப்பட்டு ஆழமாகக் கை விட்டால் உப்பு ஏறிவிடும் என்று நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். ஆனால் பட்டறை வைத்து இருபது வருஷம் ஆகிவிட்டதே. அரை ஹெச்பி மோட்டார்தான் அக்கா, பொம்மை மாதிரி, ஒன்றும் ஆகாது என்று நான் வாய் கூசாமல் சொன்னேன். அவர் மோட்டாரின் அளவைக் கேட்கவில்லை. எத்தனை மணித்தியாலம் ஓடும் என்றுதான் கேட்டார்.

திறப்பு விழா அன்றைக்கு ஒரே ஒரு மணி நேரம், அதற்குமேல் ஓடாதபடி டைமர் வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

"ஒரு மணித்தியாலம் எண்டாப் பறவாயில்லை" என்றார். "உங்களை நம்பிறன்."

மூன்றாம் நாள் திறப்பு விழா. குத்துவிளக்கு, மாலை, நாலு பேச்சு. பேசியவர்கள் எல்லோரும் தண்ணீர் உயிர் என்றார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் மூடி திறக்காத தண்ணீர்ப் போத்தல் இருந்தது, பேச்சு முடிந்ததும் பாதி குடித்துவிட்டு மீதியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் நான் சுவிட்சைப் போட்டேன். சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. மஞ்சள் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் நெளிந்து இறங்கி, மணலைத் தொட்டும் தொடாமலும் ஓடிப் பேரீச்சங்கன்றின் அடியில் வட்டமிட்டது. இருபது வருஷத்தில் நான் செய்ததிலேயே ஒழுங்கான வேலை. ஜவுளிக்கடை அருவியில் எப்போதும் ஒரு பொய் இருக்கும், இது மெய்யாகவே ஓடியது. சரியாக ஒரு மணி நேரத்தில் டைமர் அதை நிறுத்தியபோது எனக்கே ஏமாற்றமாக இருந்தது.

மாலையில் தவமணி அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு பார்க்க வந்தார். தோலில் தைத்த தண்ணீர்ப் பை, கோட்டுப் படங்கள், கூடாரம், எல்லாவற்றின் முன்னாலும் நின்று நிதானமாகப் பார்த்தார். பணிப்பாளர் பக்கத்தில் வந்து, அங்கே உள்ள பெண்கள் ஒரு குடம் தண்ணீருக்காக எவ்வளவு தூரம் நடப்பார்கள் தெரியுமா என்று அவருக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். அக்கா மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பணிப்பாளர் நகர்ந்ததும் என்னிடம் திரும்பினார்.

"நான் அங்க ஏழு வருசம் வேலைக்கு இருந்தனான் தம்பி. அந்த வீட்டில பதினொரு குளியலறை. எல்லாத்தையும் நான்தான் கழுவினனான். ஒரு நாளும் தண்ணி நிண்டதில்லை."

இந்தத் தோல்பையை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாராம். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கிக் குழாயில் விடுகிறார்கள், முன்வாசலில் புல்லுக்குப் பகலெல்லாம் பாயும், அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் ஊர்க் கிணற்றின் நினைப்பு வரும் என்றார். இவரை ஒரு கதிரை போட்டு வாசலில் உட்கார வைத்திருந்தால் போதும், மொத்தக் கண்காட்சியையும் மூட்டை கட்டியிருக்கலாம். பணிப்பாளர் மறுபடி வந்தார். மணலில் கால் வைக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வேறு யார் வந்தார்கள் என்றால், தெற்கிலிருந்து வேனில் வந்த ஒரு சிங்களக் குடும்பம் வந்தது. ஒட்டகத்தின் முன்னால் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் பேசியதைச் சமது என் காதில் தமிழாக்கினார். பாவம், இந்த மனிதர்கள் எப்படித்தான் இப்படி வாழ்கிறார்களோ என்று மனைவி சொல்ல, அவர்கள் பாட்டுக்கு வாழட்டும், நேரமானால் கடற்கரையில் குளிக்க முடியாது என்று கணவன் சொன்னானாம். பத்து நிமிடத்தில் போய்விட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

நாலாம் நாள் காலையில் பணிப்பாளர் என்னைத் தேடிவந்தார். முந்தைய நாள் டைமர் நின்ற பிறகு வந்தவர்கள் காய்ந்த வாய்க்காலைப் பார்த்துவிட்டுப் போனார்களாம். அன்று மூன்று பள்ளிக்கூடங்கள் வருகின்றன. பிள்ளைகளுக்காக டைமரைக் கழற்றிவிட முடியாதா என்று கேட்டார். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஒழுங்கைச் சனத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? காலை வெளிச்சத்தில் தண்ணீர் ஓடுவதை வீடியோ எடுத்துவிட வேண்டும், ஊரில் அடுத்த வேலை பிடிக்க இதைவிட நல்ல படம் கிடைக்காது என்று நினைத்தேன். டைமரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பதினொரு மணிக்குள் நானே வந்து நிறுத்திவிடுகிறேன் என்று அவரிடமும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். வீடியோ நன்றாக வந்தது.

அந்த இடைவெளியில் கன்னியா வெந்நீர் ஊற்றைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சமதுவின் வண்டியில் கிளம்பினேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதைப் பார்க்காமல் போனால் எப்படி. சதுரமாகக் கட்டிய ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. சனங்கள் வரிசையில் நின்று வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு ஆச்சரியப்பட்டார்கள். நானும் ஊற்றிக்கொண்டேன். ராமநாதபுரத்தில் சித்திரை மாதம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருவதும் இதே சூடுதான். அதைப் பார்க்க இதுவரை யாரும் வேன் வைத்துக்கொண்டு வந்ததில்லை.

திரும்பும்போது அன்புவழிபுரத்தில் ஆட்டோவின் கிளட்ச் வயர் அறுந்துவிட்டது. மணி பத்தரை. நகரத்துக்குப் பஸ் வரும், ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம், நீங்கள் போங்கள் என்று சமது சொன்னார். பஸ்ஸும் வந்தது. நெரிசலாக இருந்தது. நான் பணிப்பாளருக்குப் போன் போட்டு மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். ஓம் ஓம், பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் பார்த்துக்கொள்ள மாட்டார் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. ஆனாலும் நம்புவது சௌகரியமாக இருந்தது. பக்கத்துத் தேத்தண்ணீர்க் கடையின் நிழலில் உட்கார்ந்து, உளுந்து வடை தின்றுகொண்டு, கடைக்காரரிடம் எங்கள் ஊர்த் தண்ணீர்க் கஷ்டத்தைப் பற்றி வாய் கிழியப் பேசினேன். சமது வயர் வாங்கப் போய், கடை பூட்டியிருந்து, வேறு கடை தேடி, மாட்டி முடிக்க மணி நாலாகிவிட்டது.

கிட்டங்கிக்குள் நுழையும்போதே தண்ணீரின் சத்தம் கேட்டது. கடைசிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. வாய்க்கால் நிறைய ஓடி, பேரீச்சங்கன்றுகள் நீந்தாத குறையாக நின்றன, கானில் அருவி மாதிரி விழுந்துகொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னார்களே என்று காவலாளியிடம் கேட்டேன். ஐயா நிறுத்த வேண்டாம் என்று சொன்னார் என்றார் அவர். நான் குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். பிறகு ஓடிப்போய்க் கிணற்றில் வாளியை விட்டு அள்ளிக் குடித்துப் பார்த்தேன். சந்தேகத்துக்கே இடமில்லை.

வாளியோடு பணிப்பாளரிடம் போனேன். கோபமாகத்தான் போனேன், யார் மேல் என்று யோசிக்காத வரைக்கும் கோபம் நன்றாகவே இருந்தது. பதினாறு வீட்டுத் தண்ணீரை உப்பாக்கிவிட்டோம் என்றேன். அவர் சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"இது இன்னும் நல்லதுதானே மிஸ்டர். பாலைவனக் கிணறுகள் எல்லாம் உவர்தான். இப்பதான் நம்மட கண்காட்சி முழுமையாகியிருக்கு."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மறுநாளே பலகை எழுதிவிடலாம் என்றார். 'உவர்நீர்: பாலை மக்களின் அன்றாடப் போராட்டம்' என்று தலைப்பும் யோசித்துவிட்டார். வருகிறவர்கள் ருசி பார்ப்பதற்காக வாய்க்காலின் ஓரத்தில் ஒரு சின்னக் குழாயும், காகிதக் கோப்பைகளும் வைக்க வேண்டும், நீங்கள் போவதற்குள் அதைப் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். ஒழுங்கைச் சனம் என்ன செய்யும் என்று கேட்டேன். அவர்களுக்குத்தான் குழாய் இருக்கிறதே என்றார். இப்படி ஒரு மனிதனை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் டைமர் என் சட்டைப் பையில் இருந்தது.

குழாய் பொருத்தவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் சமதுவைத் துணைக்கு வைத்துக்கொண்டு மோட்டாரை மேலே இழுத்துக் கழற்றிவிட்டேன். பணிப்பாளர் சத்தம் போட்டார், கொழும்புக்கு எழுதப்போவதாகச் சொன்னார், பிறகு வாய்க்காலுக்குப் பவுசரில் தண்ணீர் வரவழைக்கப் போன் போட்டார். பாலைவனத்துக்கு லாரித் தண்ணீர் வந்தது, எங்கள் ஊருக்கு வருவதைவிட வேகமாக வந்தது. நான் செய்ததில் வீரம் ஒன்றும் இல்லை. உப்பு ஏறிய கிணற்றிலிருந்து மோட்டாரைக் கழற்ற எவனாலும் முடியும்.

ஐந்தாம் நாள் காலை எனக்குப் பஸ். அதற்கு முன்னால் ஒழுங்கைக்குப் போனேன். போகாமல் நழுவிவிடலாமா என்று படுக்கையில் கிடந்து நன்றாகவே யோசித்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். வாங்குகளில் இரண்டே பேர் உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் சந்தியில் இருக்கும் கடைக்குப் போய்க்கொண்டிருப்பதை வழியிலேயே பார்த்தேன். தவமணி அக்கா வழக்கம்போல ஜன்னலில் நின்றார். வாருங்கோ என்றார்.

"தேத்தண்ணி இண்டைக்கு இல்லைத் தம்பி. போட்டுப் பாத்தனான். வாயில வைக்க ஏலாமக் கிடக்கு."

மோட்டாரைக் கழற்றிவிட்டேன் என்று சொன்னேன். கண்டனான் என்றார். இனி எப்போது சரியாகும் என்று கேட்டேன். மாரி மழை வந்து, கிணறு இரண்டு தரம் நிறைந்து வடிந்தால் திரும்பும் என்றார். மழைக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. அதுவரை தேத்தண்ணீர் இல்லாமல் யார் இங்கே வந்து சாப்பிடுவார்கள், மட்டக்களப்புக்கு என்ன அனுப்புவீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. உங்கள் நம்பிக்கையைக் கெடுத்துவிட்டேன், எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவர் தட்டை எடுத்துத் துடைத்து, புட்டு வைத்து, தேங்காய்ப்பூவைத் தூவி ஜன்னல் வழியாக நீட்டினார்.

"சாப்பிடுங்கோ" என்றார். "மாவுக்கு இண்டைக்கு நான் உப்புப் போடேல்லை."

வாங்கில் உட்கார்ந்து ஒரு வாய் எடுத்து வைத்தேன். உப்புச் சரியாக இருந்தது.